வாசல் நோட்டு

அத்தியாயம் பதினாறு

போன வாரம் பெரியவள் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிய இடத்தில் நிறுத்தியிருந்தோம். மனம் மாறியிருப்பாள், என்ன இருந்தாலும் அக்காதானே, அந்த ஒரு பெயரை விட்டுவைத்திருப்பாள் என்று உங்களில் பலர் நினைத்திருக்கலாம். இல்லை. அடித்தே விட்டாள்.

எட்டுப் பெயர் கொண்ட பட்டியல் அது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நிறம் நிறமாகப் பிரித்த ஹவுஸ்களில், மஞ்சள் ஹவுஸின் கயிறு இழுக்கும் அணி. எட்டாவதாக இருந்தது அவளுடைய சொந்தத் தங்கையின் பெயர். கயிற்றின் கடைசி முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கிற இடம். முன்னால் இருக்கிற ஏழு பேரும் வழுக்கினாலும் அந்த ஒருத்தி அசையாமல் நின்றால் அணி பிழைத்துக்கொள்ளும். நான்கு மாதம், மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டு, சின்னவள் அந்த இடத்தில் நின்று பழகியிருந்தாள். இடுப்பில் கயிறு அறுத்த தடம் இன்னும் ஆறவில்லை.

இந்தக் குடும்பத்தை இன்றுதான் பார்க்கிறவர்களுக்காக நாலு வரி. அப்பா பேக்கரியில் அடுப்பு பார்ப்பவர். விடியுமுன் போனால் மத்தியானம்தான் வீடு திரும்புவார். அம்மா ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் வாசலில் நிற்கிறாள். ஏழு மணிக்குக் கேட்டைத் திறப்பதும், எட்டு மணிக்கு அதை மூடுவதும், அதற்கப்புறம் வருகிறவர்களை நோட்டில் எழுதுவதும் அவள் வேலை. பள்ளிக்கூடமே அவளைக் கேட்டம்மா என்றுதான் கூப்பிடும். மகள்கள் மூன்று பேர். பெரியவள் அதே பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு, மஞ்சள் ஹவுஸின் கேப்டன். சின்னவள் ஒன்பதாம் வகுப்பு, அவளும் மஞ்சள்தான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது வந்து சேர்ந்த குட்டிக்கு இரண்டரை வயது.

அன்று வெள்ளிக்கிழமை. ஹவுஸ்களுக்கு நடுவே வருஷம் முழுக்க நடந்த போட்டிகளின் கடைசி நாள். ஓட்டம், பேச்சு, நாடகம், வகுப்பறைச் சுத்தம் என்று எல்லாவற்றையும் கூட்டி, அன்றைய லேட்டு மார்க் வரை கழித்துப் பார்த்தால் நீல ஹவுஸ் பதினேழு மார்க் முன்னால் நின்றது. மிச்சமிருந்தது கயிறு இழுத்தல் மட்டும். ஜெயித்தால் இருபது மார்க், தோற்றால் ஒன்றும் கிடையாது.

எட்டு மணி ஆறு நிமிடத்துக்குச் சின்னவள் கேட்டுக்கு வந்து சேர்ந்தாள். மூச்சு இரைத்தது. ஒரு பக்கத்துப் பின்னல் அவிழ்ந்து தொங்கியது. அவளுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள்.

"என்ன காரணம்?" என்று முதலாமவளைக் கேட்டாள் அம்மா.

"பஸ் பாதி வழியில நின்னுடுச்சு, கேட்டம்மா."

நோட்டின் கடைசிக் கட்டத்தில் 'பஸ்' என்று எழுதினாள்.

"உனக்கு?"

"செருப்பு அறுந்துடுச்சு."

'செருப்பு' என்று எழுதினாள். அந்தக் கட்டத்தில் காரணம் இருந்தால் ஹவுஸுக்கு மார்க் கழியாது. காலியாக இருந்தால் ஒன்று கழியும். ஒரு தடவை 'நாய் துரத்தியது' என்றுகூட எழுதியிருக்கிறாள். இரக்கமில்லாதவள் என்று அவளை யாரும் சொல்லிவிட முடியாது.

மூன்றாவதாக நின்றது தன் மகள். அவளிடம் மட்டும் அம்மா எதையும் கேட்கவில்லை. தேதி, பெயர், வகுப்பு, ஹவுஸ் என்று எழுதிவிட்டுக் கடைசிக் கட்டத்தில் ஒரு கோடு கிழித்தாள்.

"இதோட முப்பத்தெட்டு. கண்ணாடி முன்னாடி நிக்கிற நேரத்துல பாதி நேரம் நடந்திருந்தா எப்பவோ வந்து சேந்திருப்பே. உங்கக்கா எட்டுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டா. அவளும் அதே வீட்ல இருந்துதானே வர்றா?"

சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"சொந்தப் பொண்ணையே விட மாட்டேங்கிறீங்களே!" என்றார் ஆபீஸ் கிளார்க்.

"கேட்ல நிக்கிறப்போ எனக்குப் பொண்ணு கிடையாது, சார்."

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு பெருமை வந்தது பாருங்கள், எழுதுகிற எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. எல்லாரிடமும் கேட்கிற ஒரு கேள்வியைச் சொந்த மகளிடம் கேட்காமல் விடுவதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தாள் அவள்.

அந்த வீட்டில் காலை ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவே நடப்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். குட்டியைக் காப்பகத்தில் விடுவது பெரியவளின் பொறுப்பு. சைக்கிள் அவளிடம் இருந்தது, ஏழு நிமிடத்தில் பள்ளிக்கூடம் வந்துவிடலாம். ஆனால் கேப்டன் பேட்ஜ் குத்திக்கொண்ட மறு வாரமே, செவ்வாயும் வெள்ளியும் வாய்க்கால் பக்கத்து மைதானத்தில் காலை ஓட்டப் பயிற்சி என்று அவளே ஏற்பாடு செய்தாள். அம்மா ஆறரைக்குக் கிளம்பினால், ஆறே முக்காலுக்குச் சைக்கிள் கிளம்பிவிடும்.

"ஒரு மாசம் மட்டும் பாத்துக்கோடி. ஹவுஸுக்காக" என்று தங்கையின் மோவாயைப் பிடித்துக் கெஞ்சினாள். கேப்டனின் தங்கை என்பதில் சின்னவளுக்கும் தலைகால் புரியவில்லை. சரி என்றாள். காப்பகம் ஏழே முக்காலுக்குத்தான் திறக்கும். அங்கிருந்து பள்ளிக்கூடம் நடந்தால் அரை மணி, ஓடினால் பதினைந்து, இருபது நிமிடம்; சில நாள்தான் கேட் மூடுமுன் வந்து சேர முடியும். சின்னவள் ஒரு நாள்கூட நடக்கவில்லை.

ஒரு மாசம் என்றது ஒரு வருஷத்தை விழுங்கிவிட்டது.

*

அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். 'மஞ்சளின் மார்க்கைத் தின்றவர்கள்' என்று தலைப்பு. முதல் வரியில் சின்னவளின் பெயர், பக்கத்தில் முப்பத்தேழு என்று போட்டு, அதை அடித்து முப்பத்தெட்டு ஆக்கியிருந்தார்கள். எழுதியவள் வைஸ் கேப்டன். கீழே கேப்டனின் கையெழுத்து இருந்தது. அதற்குப் பக்கத்தில் கயிறு அணியின் பட்டியல், எட்டாவது பெயரின் மேல் சிவப்புக் கோட்டோடு.

"என் பேரை அடிச்சது யாரு?" என்று கேட்டாள் சின்னவள்.

அங்கே நின்ற அணியின் மற்ற ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான்தான்" என்றாள் பெரியவள்.

"ஏன்?"

"ஏழு பேரும் உன்கூடக் கயிறு பிடிக்க மாட்டேங்கிறாங்க. நீ ஒருத்தி வேணுமா, ஏழு பேர் வேணுமான்னா நான் என்ன செய்வேன்?"

வைஸ் கேப்டன் முன்னால் வந்தாள். "நாங்க வெயில்ல கெடந்து ஒவ்வொரு மார்க்கா சேத்தோம். நீ ஆற அமர எழுந்து வந்து முப்பத்தெட்டைத் தூக்கிப் போட்டே. நீ எங்க ஹவுஸா, நீல ஹவுஸா? டீம் ஸ்பிரிட்டுன்னா என்னன்னு தெரியுமா லேட்டு உனக்கு?"

லேட்டு என்பது அவர்கள் அவளுக்கு வைத்த பெயர். முதலில் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். "நீ சொல்லேன், அக்கா."

பெரியவள் தோளில் இருந்த மஞ்சள் பட்டையின் ஊக்கைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். "என்னத்தைச் சொல்றது? நீ முதல்ல கிளாஸுக்குப் போ."

கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. கதை எழுதுகிறவளுக்கு அந்த உரிமை கிடையாது.

சின்னவள் அழவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர்க் குழாய்களுக்குப் பின்னால் இருக்கிற சிமெண்ட் கட்டையில் போய் உட்கார்ந்தாள்.

*

பதினோரு மணிக்குக் காப்பகத்து அக்கா கேட்டுக்கு வந்தாள். அவள் தோளில் குட்டி துவண்டு கிடந்தது.

"லேசா உடம்பு சுடுது. போன் பண்ணினேன், நீங்க எடுக்கலை. அதான் தூக்கிட்டு வந்துட்டேன்."

அம்மா பதறிப்போய்க் குட்டியை வாங்கிக்கொண்டாள். "காலையில பெரியவ கொண்டுவந்து விடறப்போ நல்லா இருந்துச்சா?"

"பெரியவளா? அவ மத்த நாள்லதானே வருவா, சைக்கிள்ல. செவ்வாயும் வெள்ளியும் சின்னவதான்."

"எந்தச் சின்னவ?"

"என்னங்க இது, உங்க பொண்ணுதான். குட்டியை இடுப்புல வச்சுக்கிட்டு நடந்து வரும். நான் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிக்கும். குட்டியைக் கையில குடுத்ததும் ஒரே ஓட்டம்தான். மெதுவாப் போம்மான்னு சொன்னா, அம்மா கேட்டை மூடிடுவாங்கன்னு சொல்லிக்கிட்டே ஓடும்."

அம்மா குட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். காப்பகத்து அக்கா போனதும் நோட்டைப் பிரித்தாள். ஒரு கையில் குட்டி, மறு கையால் பக்கங்களைப் புரட்டினாள். மகளின் பெயர் வந்த இடத்தில் எல்லாம் தேதியைப் பார்த்தாள். செவ்வாய். வெள்ளி. செவ்வாய். வெள்ளி. ஒரு திங்கள்கூட இல்லை, ஒரு புதன்கூட இல்லை. அவளே எழுதிய எழுத்து. வருஷம் முழுக்க அவள் கண்ணெதிரிலேயே இருந்திருக்கிறது. அவள் பார்த்ததெல்லாம் கிழிக்க வேண்டிய கோட்டைத்தான்.

கிளார்க்கிடம், "கொஞ்சம் கேட்டைப் பாத்துக்கோங்க, சார்" என்றாள். இத்தனை வருஷத்தில் வேலை நேரத்தில் அவள் கேட்டை விட்டு நகர்ந்தது அன்றைக்குத்தான்.

*

விளையாட்டுச் சாமான்கள் வைக்கிற அறையில் பெரியவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"செவ்வாய்க்கிழமை காலையில நீ எங்கே போறே?"

பெரியவளின் கை நின்றது. அம்மாவையும், அம்மாவின் இடுப்பில் இருந்த குட்டியையும், அம்மாவின் கையிலிருந்த நோட்டையும் பார்த்தாள். பொய் சொல்லிப் பயனில்லை என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

"வாய்க்கால் மைதானத்துக்கு. பிராக்டீஸ்."

"யாரைக் கேட்டுப் போனே?"

"கேட்டா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

அம்மா நோட்டைத் தூக்கிக் காட்டினாள். "வாயைப் பாரு! அவ பேரை முப்பத்தெட்டு தடவை எழுதியிருக்கேன்டி இந்தக் கையால. வீட்ல வந்தும் அவளைத்தான் கரிச்சுக் கொட்டினேன். சோம்பேறின்னேன், பொறுப்பில்லாதவன்னேன். நீ பக்கத்துல உக்காந்து சோறு தின்னுக்கிட்டுதானே இருந்தே? ஒரு வாய் பேசினியா? போதாக்குறைக்கு அந்தத் தாளை எழுதி ஒட்டி, அதுல கையெழுத்து வேற! எப்படிடி மனசு வந்துச்சு உனக்கு?"

"எனக்கு மனசு இருக்கான்னு நீ எப்பக் கேட்டே?"

கயிறு தரையில் விழுந்தது. பெரியவளின் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை.

"எட்டு வயசுல இருந்து ஒருத்தியைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஸ்கூலுக்கு வந்தேன். அவ வளந்து நிமிந்தாளேன்னு பாத்தா, குட்டி வந்துச்சு. பால் ஆத்து, பெரியவ பாத்துக்குவா. துணி மாத்து, பெரியவ பாத்துக்குவா. வீட்ல எனக்குப் பேரே பெரியவதான். இங்கதான்மா என்னைக் கேப்டன்னு கூப்பிடறாங்க. இந்த ஒரு வருஷம்தான். வாரத்துல ரெண்டே ரெண்டு காலை எடுத்துக்கிட்டேன். அது தப்பா?"

"எடுத்துக்கிட்டே. யார்கிட்ட இருந்து எடுத்தே? என்கிட்ட இருந்தா? அவகிட்ட இருந்து எடுத்தே."

"நீ ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஏன்டி லேட்டுன்னு அவளைக் கேட்டிருந்தா அன்னைக்கே என் வேஷம் கலைஞ்சிருக்கும். நாய் துரத்துனவளைக்கூடக் கேட்டியே அம்மா!"

அம்மா கையை ஓங்கினாள். குட்டி வீறிட்டு அழுதது. ஓங்கிய கை அப்படியே நின்று, பிறகு குட்டியின் முதுகைத் தட்டியது. அடிக்க வந்தவளால் அடிக்க முடியவில்லை. பெரியவள் சொன்னதில் பாதி அநியாயம், பாதி உண்மை. அந்த உண்மைப் பாதிதான் அவளைச் சுட்டது.

*

சின்னவள் அதே சிமெண்ட் கட்டையில்தான் இருந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"சொன்னேன்."

"எப்போ?"

"முதல் நாள். அம்மா, குட்டியைன்னு ஆரம்பிச்சேன். எல்லார் முன்னாடியும் கையைக் காட்டி நிறுத்தினே. 'உன் காரணத்தையெல்லாம் வீட்ல வச்சுக்கோ. கேட்டம்மா பொண்ணுன்னு சலுகை எதிர்பாக்காதே'ன்னு சொன்னே. கிளார்க் சார் கைதட்டினார்."

அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தக் கைதட்டலை அவள் அன்று இரவு அப்பாவிடம் இரண்டு தடவை சொல்லி மகிழ்ந்திருந்தாள்.

"வீட்லயாவது சொல்லியிருக்கலாமே."

"வீட்ல சொன்னா அக்காவைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். அவ ஒரு மாசம்னு சொன்னா. அப்புறம் இன்னும் ஒரு மாசம்னு சொன்னா. நான் ஹவுஸுக்காகத்தானேன்னு ஓடினேன். அவங்களுக்காக ஓடினதுக்கு அவங்களே என்னை..." எழுந்துபோய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். திரும்பியபோது கண் சிவந்திருந்தது, குரல் தெளிவாக இருந்தது. "எனக்கு யார் மேல அதிகக் கோவம்னு தெரியலை. ஆனா உன் மேலயும் இருக்கு. சொல்லிட்டேன்."

அம்மா குட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தாள். மடியில் நோட்டை விரித்தாள். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். மகளின் பெயர் இருந்த ஒவ்வொரு வரியிலும், கோடு கிழித்திருந்த கடைசிக் கட்டத்தில், மூன்று சொற்கள் எழுதினாள். முப்பத்தெட்டு தடவை எழுதினாள். குட்டி மடியில் தூங்கிப்போனது. எழுதி முடித்ததும் நேராக மைதானத்துக்கு நடந்தாள்.

பி.டி. மாஸ்டர் விசிலும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். நோட்டை வாங்கிப் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"'இவள் அம்மா கேட்கவில்லை'... இது என்ன, கேட்டம்மா?"

"காரணம், சார்."

"இதெல்லாம் ஒரு காரணமா?"

"காரணம் எழுதணும்னுதானே ரூல்ல இருக்கு. நல்ல காரணமா இருக்கணும்னு இல்லையே. நாய் துரத்துனதுக்கு விட்டீங்கல்ல?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். காப்பகம், சைக்கிள், வாய்க்கால் மைதானம், ஒன்றையும் மறைக்கவில்லை. தன்னையும் மறைக்கவில்லை. மாஸ்டர் விசிலைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் ஒருத்தனா முடிவு பண்ண முடியாதும்மா. முப்பத்தெட்டு மார்க் விஷயம். ஹெச்.எம். கிட்டக் கேக்கணும்."

*

பள்ளிக்கூடத்தில் ஒரு விஷயம் பரவ மணி அடிக்க வேண்டியதில்லை. மூன்று மணிக்குள் மஞ்சள் ஹவுஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. பலகையில் இருந்த தாளை யாரோ கிழித்துவிட்டார்கள். ஏழு பேரும் குழாயடிக்கு வந்து வரிசையாக நின்றார்கள்.

"எங்களுக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது" என்றாள் வைஸ் கேப்டன். "நீ வா. கடைசில நீ நின்னாத்தான் நாங்க ஜெயிப்போம். மார்க்கும் திரும்ப வந்துடும்னு சொல்றாங்க."

சின்னவள் எழுந்து நின்றாள்.

"மார்க் திரும்ப வராதுன்னு சொல்லியிருந்தா வந்து கூப்பிட்டிருப்பீங்களா?"

ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. அவர்களும் குழந்தைகள்தான், யாரோ சொன்னதை நம்பியவர்கள்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒருத்தியாவது ஆமாம் என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

"நான் காலையில இங்கேதான் இருந்தேன். நீங்க லேட்டுன்னு கூப்பிட்ட நாள்லயும் இங்கேதான் வந்து உக்காந்தேன். என்னாச்சு உனக்குன்னு உங்கள்ல ஒருத்தி வந்து கேக்கலை. கயிறு பிடிக்க மாட்டோம்னு சொன்னீங்கல்ல? இப்ப நான் சொல்றேன். நான் பிடிக்க மாட்டேன்."

அவள் வரவில்லை. எட்டாவது இடத்தில் பெரியவளே போய் நின்றாள். கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டாள். ஓடுவதற்கென்று பிறந்த ஒல்லி உடம்பு அது, நிற்பதற்கு அல்ல. விசில் ஊதியதும் பத்து எண்ணுவதற்குள் முதல் இழுப்பு முடிந்தது. இரண்டாவதில் முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சறுக்கினார்கள், ஆனால் பெரியவள் கயிற்றை விடவில்லை. குப்புற விழுந்தாள், விழுந்தும் விடவில்லை. கோட்டைத் தாண்டும்வரை நீல ஹவுஸ் அவளைப் புழுதியில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. எழுந்தபோது இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது.

நீலம் இப்போது முப்பத்தேழு மார்க் முன்னால் இருந்தது.

*

நாலரை மணிக்கு மைதானம் காலியானது. கேட்டருகே அம்மா குட்டியோடு நின்றாள். சின்னவள் கொஞ்சம் தள்ளி, சுவரில் சாய்ந்து நின்றாள். பெரியவள் கையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே பி.டி. மாஸ்டர் நோட்டோடு வந்தார்.

"ஹெச்.எம். ஒத்துக்கிட்டாங்க. ஆனா ஒரு நிபந்தனை. கேட்டம்மா எழுதினது மட்டும் போதாது, அவங்க அந்தப் பொண்ணுக்கு அம்மா. நடந்தது உண்மைன்னு ஹவுஸ் கேப்டனும் கையெழுத்துப் போடணும். திங்கக்கிழமை காலைல, அத்தனை பேர் முன்னாடி நான் அதைப் படிச்சுட்டுத்தான் கேடயம் குடுப்பேன். கையெழுத்து இருந்தா மஞ்சள் ஒரு மார்க்ல ஜெயிக்குது. இல்லேன்னா நீலம்."

நோட்டைப் பெரியவளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கென்ன, போய்விட்டார்.

பெரியவள் நோட்டைப் பிரித்தாள். அம்மாவின் எழுத்து, பக்கத்துக்குப் பக்கம். படிக்கப் படிக்க அவள் கண் நிறைந்து சொட்டியது. பிறகு தங்கையிடம் போனாள்.

"போடட்டுமாடி? நீ சொல்லு. நீ என்ன சொன்னாலும் செய்யறேன்."

"என்னை ஏன் கேக்கறே? பேரை அடிக்கறப்போ கேட்டியா?"

"தப்புத்தான். தெரியும். அதான் இப்பக் கேக்கறேன்."

"கையெழுத்துப் போட்டா உனக்குக் கேடயம். போடலைன்னா உன் நல்ல பேரு உன்கிட்டயே இருக்கும். எதைச் செஞ்சாலும் உனக்கு ஏதோ ஒண்ணு கிடைக்குது, அக்கா. எனக்கு என்ன கிடைக்குது?"

பெரியவள் நோட்டை மூடினாள். அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"நீயும் இரும்மா. வர்ற செவ்வாய்க்கிழமை காலையில குட்டியை யார் கொண்டுபோய் விடறது? உனக்கு ஏழு மணிக்குக் கேட் திறக்கணும். அப்பாவுக்கு அடுப்பு. இவளுக்கு இனிமே பிராக்டீஸ் இல்லைன்னா பரீட்சை. யார் விடறது? அதை முதல்ல சொல்லுங்க. கேடயத்தை அப்புறம் பாக்கலாம்."

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெரியவளைப் பார்த்தாள். கேட்டால் பதில் சொல்லிவிடக்கூடிய சின்னக் கேள்விதான். நான் விடுகிறேன் என்று இரண்டு பேரில் ஒருத்தி சொல்லியிருந்தால் போதும். இரண்டு பேருமே மற்றவள் சொல்வாள் என்று காத்திருந்தார்கள்.

சின்னவள் சுவரை விட்டு நகர்ந்தாள். குட்டி அவளிடம் வருவதற்காக இரண்டு கையையும் நீட்டியது. வழக்கமாக நீட்டும் முன்பே வாங்கிக்கொள்கிறவள் அவள்.

அன்று அவள் வாங்கவில்லை. தன் பையை மட்டும் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். குட்டி அவள் முதுகைப் பார்த்துக் கதறி அழுதது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தெருமுனையில் வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். அவள் வலது பக்கம் திரும்பினாள்.